வாசலிலா, ரயிலடியிலா, விமான நிலையத்திலா? ஊர் திரும்பும் உறவினரை எங்கே வழியனுப்புவது

மலேசியாவுக்கு வந்து ஒரு மாதம் தங்கிய அத்தையும் மாமாவும் தமிழ்நாட்டுக்குத் திரும்புகிற வாரம். பெட்டி கட்டுவதைவிடப் பெரிய பேச்சாக வீட்டில் எழுவது ஒன்றுதான்: ஏர்போர்ட்டுக்கு யார் யார் போவது? எல்லாரும் போவோம் என்பார் பெரியண்ணன். நடுராத்திரியில் யார் காடி ஓட்டுவது என்பார் தம்பி. பாட்டியைக் கூட்டிப்போவதா, வீட்டிலேயே விட்டுப்போவதா என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேசாமலே நாள் வந்துவிடும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே முடிவெடுப்பார்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) சாமி மேடையிலேயே தங்கிவிடுவதும், பாட்டியிடம் சொல்லிக்கொள்ளாமலே வண்டி கிளம்பிவிடுவதும் அப்படிப்பட்ட நாட்களில்தான்.

கணக்குக்காக இங்கே பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்கிறோம். அங்கிருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் மூன்றரை மணி நேரம். பீடோர், தாப்பா, தெலுக் இந்தான் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு மணி நேரம் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம். மற்றபடி எல்லாம் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைப் பிரித்துவிட வேண்டும். விடைபெறுவது வேறு, கொண்டுபோய் விடுவது வேறு. முன்னது மனசு சம்பந்தப்பட்டது, பின்னது வண்டி சம்பந்தப்பட்டது. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே மணி நேரத்தில் செய்யப் பார்க்கும்போதுதான் இரண்டும் அரைகுறையாகிறது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கண்ணோடுதான் எடைபோட்டிருக்கிறோம்.

## எதை எதைப் பார்த்து முடிவெடுப்பது

விமான நேரமும் முனையமும். ஏர் ஏசியா என்றால் முனையம் 2. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர், இண்டிகோ என்றால் முனையம் 1. தவறான முனையத்தில் இறங்கிவிட்டால் பதற வேண்டாம்: இரண்டுக்கும் இடையே ரயிலில் 2 வெள்ளி (ரிங்கிட்), மூன்று நிமிடம். ஆனால் நான்கு பெட்டியையும் முழங்கால் வலிக்காரரையும் வைத்துக்கொண்டு அந்த மூன்று நிமிடம் அரை மணியாகிவிடும். பெரும்பாலும் பறப்புக்கு 60 நிமிடம் முன்பே பெட்டி வாங்கும் கவுண்டர் மூடிவிடும். மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர்வதே நிம்மதி. பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். இரவு 9 மணி விமானம் என்றால் 6 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஓட்டம் மூன்றரை மணி, தாப்பா ஓய்விடத்தில் அரை மணி, நெரிசலுக்கென்று ஒரு மணி. ஆக, பகல் 1 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். காலை எட்டரை மணி விமானத்துக்கு இதே கணக்கு நள்ளிரவு பன்னிரண்டரையில் வந்து நிற்கும். சாப்பிட்டுக் கிளம்பும் பகல் பயணத்துக்கும் தூக்கத்தைக் கெடுக்கும் இந்த நள்ளிரவுப் பயணத்துக்கும் ஒரே வழியனுப்பு பொருந்தாது.

தங்கும் நாள் கணக்கு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 30 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. வந்து இறங்கிய நாளே முதல் நாள். மார்ச் 5 வந்தவருக்கு ஏப்ரல் 3 முப்பதாவது நாள். "அஞ்சாம் தேதிதானே வந்தோம், அஞ்சாம் தேதி போவோம்" என்றால் குடிநுழைவு (இமிகிரேஷன்) சட்டப்படி அது குற்றம். முப்பதாவது நாளுக்கு டிக்கெட் எடுத்தவருக்கு விமானம் தவறினால் தப்பிக்க ஒரு நாள்கூடக் கையில் இல்லை. அப்படிப்பட்டவருக்குக் கடைசி நேர வழியனுப்பு எதுவும் ஆகாது. முந்தின நாளே தலைநகருக்குப் போய்விட வேண்டும்.

வீட்டில் மூத்தவரின் உடம்பு. போகிறவரின் உடம்பைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள். இருக்கப்போகிற மூத்தவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மறுபடி பார்ப்போமா என்ற கேள்வி உண்மையில் அவருக்குத்தான். நமது கணக்கில் முதல் இடம் இதற்கே.

பெட்டியும் வண்டியும். மைவி காரின் பின்பெட்டியில் ஒரு பெரிய பெட்டியும் ஒரு சிறியதும் போகும், அவ்வளவுதான். ஏழு இருக்கை வண்டியான அல்சாவில் ஏழு பேர் உட்கார்ந்தால் பெட்டிக்கு இடமில்லை. பின் இருக்கையை மடித்தால் ஐந்து பேர்தான். இருவர் ஊருக்குப் போகிறார்கள், நான்கு பெட்டி என்றால் கூட வர மூன்று பேருக்குத்தான் இடம். இந்தக் கணக்கை முந்தின நாள் பெட்டியை உண்மையிலேயே ஏற்றிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

நாள் பார்த்தல். சூலம் பார்க்கும் குடும்பத்தில் ஞாயிறும் வெள்ளியும் மேற்கே சூலம். நம்மிடமிருந்து தமிழ்நாடு மேற்கேதான். அந்த இரண்டு நாட்களில்தான் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையும் வாரத்திலேயே மோசமாக நெரியும். ஆகவே பெரியவர்கள் அந்த நாட்களை வேண்டாம் என்றால் மறுக்காமல் கேட்டுக்கொள்ளலாம். டிக்கெட் எடுத்தாயிற்று என்றால் வெல்லம் ஒரு துண்டு வாயில் போட்டுக் கிளம்புவது வழக்கம். ராகு காலம் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தமிழ்நாட்டுக் காலண்டரில் அச்சிட்டிருப்பது ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்த கணக்கு. பேராக்கில் சூரியன் ஏழே கால் மணி வாக்கில்தான் உதிக்கிறது. வெள்ளிக்கிழமை 10:30 முதல் 12 என்று காலண்டர் சொன்னால், இங்கே அது ஏறக்குறைய 11:45 முதல் 1:15. கோயிலில் கொடுக்கும் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதே சரி. நள்ளிரவுப் பயணத்துக்கு நேரம் ஒத்துவராவிட்டால் பரஸ்தானம் வைப்பது பழைய வழி: நல்ல நேரத்தில் ஒரு சிறு பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துக்கொள்வது.

## வழி 1: வாசலிலேயே விடைபெறுவது

வீட்டார் எல்லாரும் வாசலோடு நின்றுவிடுகிறார்கள். வண்டி ஓட்டுபவரும் துணைக்கு இன்னொருவரும் மட்டும் விமான நிலையம் போகிறார்கள். பாதிப் பேருக்கு இது மரியாதைக் குறைவாகத் தோன்றும். அப்படி அல்ல. ஒழுங்காகச் செய்தால் இதைவிட நிறைவான வழியனுப்பு கிடையாது.

ஒழுங்காகச் செய்வது என்றால் நேரம் ஒதுக்கிச் செய்வது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டிகள் வண்டியில் ஏறியிருக்க வேண்டும். டிக்கெட், கடப்பிதழ், மருந்து, கைச்செலவுக் காசு நான்கையும் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து, போகிறவரின் தோள்பையில் வைத்தாயிற்று. அதற்குப் பிறகு அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் பெட்டியைப் பற்றிப் பேசக்கூடாது. சாமி முன் கற்பூரம் காட்டி, பெரியவர் திருநீறு பூசிவிட்டு, வெற்றிலை பாக்கு பழத்தோடு சேலையோ வேட்டியோ கொடுத்து, சின்னவர்கள் காலில் விழுந்து எழ, எல்லாரும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். தயிர்சாதம் போதும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து ஏற்றிவிட்டு, "போயிட்டு வர்றோம்" என்று சொல்லிக் கிளம்பட்டும். "போறோம்" என்று வாய் தவறிச் சொன்னால் பாட்டி திருத்தாமல் விடமாட்டார்.

இதில் மறைந்திருக்கும் செலவு பணம் அல்ல. அக்கம்பக்கம். கிளம்பும் நேரத்தில் தோட்டத்துப் பழக்கக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். ஒருவர் கையில் ஈப்போ வெள்ளைக் காப்பி, ஒருவர் கையில் நெத்திலி, இன்னொருவர் கையில் தம்புன் பொம்மெலோ இரண்டு. பொம்மெலோ ஒன்றே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். மறுக்க முடியாது, பெட்டியைத் திறந்தால் மறுபடி மூட முடியாது. ஆகவே பொருள் வாங்குவதற்கு முந்தின நாள் இரவு எட்டு மணியைக் கடைசி நேரமாக வைத்து, வாரத் தொடக்கத்திலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அதற்குப் பின் வருகிற பொருளை அன்போடு வாங்கி, வீட்டிலேயே வைத்து, அடுத்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பலாம்.

எப்போது இதுவே மேல்: வீட்டில் எழுபத்தைந்தைத் தாண்டிய அக்காவோ அண்ணனோ இருந்தால், பறப்பு அதிகாலையில் என்றால், பிள்ளைகளுக்கு மறுநாள் பள்ளி என்றால்.

எப்போது சரிவராது: போகிறவர் தனியாக, முதல் முறையாகப் பறக்கிறார், கூடப் போகிற ஓட்டுநர் வாடகைக்கு அமர்த்தியவர் என்றால். வாசலில் இறக்கிவிட்டு அவர் போய்விடுவார். பெட்டி எடை கூடியிருக்கிறது என்று கவுண்டரில் சொன்னால் பேச ஆளிருக்காது. இந்த வழியைத் தேர்ந்தால் கூடப் போகிறவர்களில் ஒருவராவது குடும்பத்தாராக இருக்க வேண்டும்.

## வழி 2: வேன் பிடித்து எல்லாரும் விமான நிலையம்

இந்தப் பழக்கம் கப்பல் காலத்தது. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. பின்னால் வந்த சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. தோட்டத்திலிருந்து பினாங்குத் துறைமுகம் வரை குடும்பமே போய் நின்றதற்குக் காரணம் இருந்தது. கப்பல் கரையை விட்டு மெல்ல மெல்ல விலகும். தலை தெரிகிறவரை கை அசைக்கலாம். விமான நிலையத்தில் அந்தக் காட்சி கிடையாது. போகிறவர் குடிநுழைவு வாயிலுக்குள் திரும்பினால் அத்தோடு சரி.

சென்னையிலோ திருச்சியிலோ டிக்கெட் இல்லாதவர் முனையத்துக்குள்ளேயே போக முடியாது, வாசலோடு பிரிவு. இங்கே அப்படி அல்ல. பெட்டி போடும் கூடம் வரை, குடிநுழைவு வாயில் வரை உறவினர் கூடவே போகலாம். இது பெரிய வசதிதான். ஆனால் நேரம் எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். வண்டி நிறுத்த இடம் தேட இருபது நிமிடம். வரிசை முக்கால் மணி. எடை கூடியது என்று ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஒருவர் முறுக்கை எடுக்க, ஒருவர் சேலையை மாற்ற, இன்னொரு அரை மணி. கடைசியில் "நேரமாச்சு, உள்ள போங்க" என்று யாராவது அவசரப்படுத்த, கட்டிப்பிடித்துக்கொள்ள மிஞ்சுவது பத்து நிமிடம். போக வர எட்டு மணி நேரப் பயணத்துக்குக் கிடைக்கும் பிரிவு அந்தப் பத்து நிமிடம்தான்.

பாட்டியைக் கூட்டிப்போவதா என்ற கேள்விக்கு நம் பதில் தெளிவு: உட்கார்ந்து எட்டு மணி நேரம் பயணம் செய்ய முடியாதவரைக் கூட்டிப்போகாதீர்கள். சர்க்கரைக்காரருக்கு மருந்து நேரம் தவறும். கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்ல வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே வருவார். திரும்பி வரும் வழியில் இருட்டில், காலியான இருக்கையைப் பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம். அந்தப் பயணம்தான் மூத்தவரை உடைக்கிறது. வீட்டு வாசலில் விடைபெற்றவருக்குச் சுற்றிலும் பழகிய சுவர்கள், அண்டை வீட்டார், மாலை விளக்கு இருக்கும்.

வேன் ஓட்டுகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை கண் தானாக மூடும் நேரம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்த தம்பியை அந்த நேரத்தில் ஓட்டவைப்பது உயிரோடு விளையாடுவது. இரண்டு ஓட்டுநர், அல்லது பகல் பயணம். மூன்றாவது வழி இல்லை. பாதை: ஈப்போ வடக்கு டோலில் ஏறி, புக்கிட் லாஞ்சானில் தலைநகருக்குள் போகாமல் ஷா ஆலாம் பக்கம் திரும்பி, எலைட் நெடுஞ்சாலையில் நேரே விமான நிலையம். டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் போக வர இரண்டுக்கும் காசு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எப்போது இது மேல்: வார நாளில், பகல் அல்லது முன்னிரவு விமானம், எல்லாரும் அறுபதுக்குள், போகிறவர் முதல் முறை தனியாகப் பறப்பவர். அப்போதும் நான்கு பேருக்கு மேல் போக வேண்டாம். போகிறவர் உள்ளே போய்க் குடிநுழைவு முடிந்ததும் ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். நாள் கணக்கிலோ பெட்டியிலோ சிக்கல் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில்தான் வரும்.

## வழி 3: ரயிலடியில், அல்லது ஈப்போ பஸ் முனையத்தில்

சுங்கை சிப்புட் நிலையத்தில் இ.டி.எஸ். மின்ரயில்கள் நிற்கின்றன, எல்லாமும் அல்ல, ஆகவே நேர அட்டவணை பார்த்தே முடிவு. கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி அங்கிருந்து விமான நிலைய ரயிலான கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ்: முனையம் 1க்கு 28 நிமிடம், முனையம் 2க்கு 33 நிமிடம், பெரியவருக்கு ஒரு வழி 55 வெள்ளி. சாலை நெரிசல் கவலை கிடையாது. கழிவறை உண்டு. பண்டிகை நாட்களில் நெடுஞ்சாலையில் ஏழு மணி நேரம் நிற்பதற்கு இது தெய்வம் கொடுத்த வழி. ஆனால் அதே பண்டிகை நாட்களில் டிக்கெட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். விமான டிக்கெட் எடுத்த அன்றே இதையும் எடுத்துவிட வேண்டும். டிக்கெட்டில் கடப்பிதழ் எண் சரியாக இருக்கட்டும்.

ரயிலடி வழியனுப்புக்கு ஒரு தனி அழகு உண்டு. ஊர்க்காரர் எல்லாரும் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கலாம். பாட்டியைக்கூட வீட்டிலிருந்து காரில் கூட்டிவந்து நாற்காலி போட்டு உட்காரவைக்கலாம். ரயில் நகரும்போது கை அசைக்கலாம். கப்பல் காலத்துக் காட்சியின் மிச்சம் அது ஒன்றில்தான் இருக்கிறது.

கெடுவது எங்கே? ரயில் இங்கே ஓரிரு நிமிடம்தான் நிற்கும். நான்கு பெட்டியும் இரண்டு முதியவரும் ஏற வேண்டும். அழுதுகொண்டே கைபிடித்து நின்றால் பெட்டி கீழேயே நின்றுவிடும். இளையவர் ஒருவர் முன்னே ஏறி, இன்னொருவர் கீழிருந்து தூக்கிக் கொடுத்து, முதலில் பெட்டி, பிறகு ஆள். சொல்லிக்கொள்வதெல்லாம் ரயில் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இரண்டாவது, சென்ட்ரலில் மின்தூக்கி ஏறி எக்ஸ்பிரஸ் நுழைவாயிலைத் தேடிப் போவது புதியவருக்கு எளிதல்ல. ஒருவர் கூடவே ரயிலில் போய் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வர வேண்டும். அவருக்கான போக வரச் செலவுதான் இந்த வழியில் எல்லாரும் மறந்துவிடும் கணக்கு.

பெட்டி அதிகம் என்றால் ஈப்போ அமான்ஜெயா முனையத்திலிருந்து விமான நிலையத்துக்கே நேராகப் போகும் பஸ் வசதி. பெட்டி ஒரே முறை ஏறும், ஒரே முறை இறங்கும். ஏறக்குறைய நாலு மணி நேரம். வழியனுப்ப இடமும் தாராளம். கால் வீங்கும் முதியவருக்கு மட்டும் ரயில்தான் மேல்.

## வழி 4: முந்தின நாளே தலைநகருக்கு

கிள்ளானிலோ, ஷா ஆலாமிலோ, பூச்சோங்கிலோ ஒரு சித்தப்பா வீடோ மச்சான் வீடோ இல்லாத தோட்டக் குடும்பம் குறைவு. முந்தின நாள் பகலில் அங்கே போய்த் தங்கி, மறுநாள் ஒரு மணி நேரத்துக்குள் விமான நிலையம். முப்பதாவது நாளை ஒட்டிப் பயணம் செய்பவருக்கும், காலை எட்டு ஒன்பது மணி விமானத்துக்கும் இதுவே சரி. வேறு எதையும் நாம் சொல்ல மாட்டோம்.

இதன் விலை வேறு மாதிரி. விடைபெறுவது இரண்டு முறை நடக்கும்: சுங்கை சிப்புட்டில் ஒரு முறை, கிள்ளானில் ஒரு முறை. இரண்டாவது வீட்டார் விருந்து வைப்பார்கள். அவர்களும் ஒரு பை கொடுப்பார்கள். பெட்டியில் இரண்டு கிலோ இடம் விட்டுப் போவது நல்லது. அங்கே சொல்லிக்கொள்ள வேண்டிய உறவுகளையும் முன்கூட்டியே எண்ணிவையுங்கள். தலைநகர் வரை வந்துவிட்டு ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த மனத்தாங்கல் பத்து வருடம் இருக்கும்.

## வழி 5: பினாங்கு விமான நிலையம்

டிக்கெட் எடுக்கும் முன்பே யோசிக்க வேண்டிய வழி இது. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடிச் சேவை தொடங்கியது. சுங்கை சிப்புட்டிலிருந்து அந்த விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸ் ஏறக்குறைய 150 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பத்து காவானில் இறங்கி இரண்டாவது பாலம் ஏறினால் நகர நெரிசல் இல்லை. தூரம் பாதியாகிறபோது மேலே சொன்ன எல்லாக் கணக்கும் மாறும்: பாட்டியும் வரலாம், ஓட்டுநர் ஒருவரே போதும், அன்றே திரும்பலாம். சென்னை, காஞ்சிபுரம், வேலூர் பக்கத்தவருக்கு மிகவும் ஏற்றது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைக்காரர்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டோம். இங்கே மிச்சமான இரண்டு மணி நேரம் அங்கே ஆறு மணி நேரமாகச் செலவாகும். அவர்களுக்குக் கோலாலம்பூர்–திருச்சி நேரடி விமானமே நல்லது.

ஈப்போவிலிருந்தே ஸ்கூட் விமானத்தில் சிங்கப்பூர் வழியாகப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். போகலாம், முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக இருந்தால். தனித்தனி டிக்கெட் என்றால் சிங்கப்பூரில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இந்தியக் கடப்பிதழுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும்.

## ஒரு பார்வையில்

| வழி | வீட்டிலிருந்து விமான நிலையம் | கூடப் போவோர் | மறக்கப்படும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| வாசல் | 3½–5 மணி | 2 | கடைசி நேரப் பொருட்கள் | மூத்தவர் உள்ள வீடு |
| வேன் | 3½–5 மணி | 4 வரை | ஓட்டுநரின் தூக்கம் | பகல் விமானம், முதல் பயணம் |
| ரயில் / பஸ் | 4–5 மணி | 1 | துணையாளின் போக வர டிக்கெட் | பண்டிகைக் காலம் |
| முந்தின நாள் | மறுநாள் 1 மணிக்குள் | 2 | இரண்டாவது வீட்டுப் பைகள் | காலை விமானம், 30ஆவது நாள் |
| பினாங்கு | 2 மணி | எல்லாரும் | தமிழ்நாட்டுப் பக்கப் பயணம் | சென்னை வட்டாரம் |

## எந்த வழியானாலும் பெட்டியில் கெடுவது

எடையை வீட்டிலேயே பாருங்கள். தொங்கும் தராசு இல்லாவிட்டால் ஆள் நிற்கும் தராசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு வெறும் ஆளாக நின்று கழியுங்கள். டிக்கெட் அளவுக்கு ஒரு கிலோ குறைவாக நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒத்துப்போவதில்லை. மொத்த அளவில் இடமிருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக்கூடாது. எடை போதாது என்று தெரிந்தால் வீட்டிலிருந்தே இணையத்தில் கூடுதல் எடை வாங்குங்கள். கவுண்டரில் வாங்குவது பல மடங்கு.

கோடாலித் தைலம் இல்லாமல் மலேசியாவிலிருந்து ஊர் திரும்பியவர் உண்டா? அதைக் கவுண்டரில் போடும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் எதுவும் போகாது. பவர் பேங்க் அதற்கு நேர்மாறு: கைப்பையில் மட்டுமே. டுரியான் எதிலும் ஆகாது. பூச்செடிக் கன்று, விதை கேட்பார்கள். அனுமதிச் சான்று இல்லாமல் இந்தியாவில் பிடித்துவைத்துவிடுவார்கள், ஆகவே கொடுக்க வேண்டாம்.

தங்கம் கொடுப்பதில் கவனம். அக்கா தங்கைக்கு மோதிரம் போட்டனுப்புவது நம் வழக்கம். இந்தியச் சுங்கத்தில் நகைக்கான வரிச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புவோருக்கு மட்டும். ஒரு மாதம் வந்து போகிறவருக்கு அது கிடையாது. சேலையாகவோ, தேவைப்படும்போது வங்கி வழியாகப் பணமாகவோ கொடுப்பது அவரைச் சங்கடத்தில் விடாது. அங்பாவ் (உறையில் போட்ட அன்பளிப்புப் பணம்) கொடுப்போர் நோட்டாகவே கொடுங்கள்; வெள்ளிக் காசுகளை அங்கே மாற்ற முடியாது.

இன்னொன்று, மிக முக்கியம். யார் கொடுத்த பொட்டலமானாலும் பிரித்துப் பார்த்தே வைக்க வேண்டும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்றாலும் சரி. 1952ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டத்தின் (போதைப்பொருள் சட்டம்) தண்டனை இந்த நாட்டிலேயே மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. பெட்டி யாருடையதோ அவரே பதில் சொல்ல வேண்டும். பிரிக்க மறுப்பவரின் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முழங்கால் வலிக்காரருக்குச் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்னால், கேட்டுவையுங்கள். முனையம் 2இல் நடை மிக நீளம். முனையம் 1இல் சில வாயில்களுக்கு ஏரோடிரெயின் என்ற உள்ரயிலில் ஏற வேண்டும். 2023 மார்ச்சில் நின்றிருந்த அது 2025 ஜூலை முதல் மறுபடி ஓடுகிறது. சக்கர நாற்காலி கேட்டவரை ஓர் ஊழியர் குடிநுழைவு தாண்டி வாயில் வரை கொண்டுபோய் விடுவார். தனியாகப் போகும் அத்தைக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இந்த ஏற்பாடு இருந்தால் வழி 1ஐத் தயங்காமல் தேர்ந்துகொள்ளலாம்.

## அக்கா தங்கைக்கென்று ஒரு பகல்

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுபதைத் தாண்டிய உடன்பிறப்புகள் பிரிகிறார்கள் என்றால், கிளம்பும் நாளுக்கு முந்தின பகலை அவர்களுக்கென்று விட்டுவிட வேண்டும். அன்று கடைக்குப் போகும் வேலை இல்லை, விருந்தாளி இல்லை, பெட்டி கட்டுவது இல்லை. காலையில் கோயிலுக்குக் கூட்டிப்போய் வந்து, இருவரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ளுங்கள். ஐம்பது வருடப் பேச்சு அவர்களுக்கு இருக்கும். பழைய படங்கள் இருந்தால் எடுத்துக் கொடுங்கள். படத்தில் இருப்பவர் பெயரைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்ள அதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம். அழட்டும். வீட்டில் அழுது முடித்தவர்கள் விமான நிலையத்தில் கடப்பிதழைத் தொலைப்பதில்லை.

பிள்ளைகளையும் முந்தின நாள் மாலையே சொல்லிக்கொள்ளச் செய்யுங்கள். நள்ளிரவில் எழுப்பி அரைத்தூக்கத்தில் கைகாட்டவைத்தால் காலையில் அவர்களுக்கு அத்தை போனதே நினைவிருக்காது.

வண்டி கிளம்பியதும் வீட்டைக் கூட்டிப் பெருக்காதீர்கள். போய்ச் சேர்ந்த செய்தி வரட்டும் என்பது பெரியவர்கள் சொன்னது. இரவு 9 மணி விமானம் சென்னையில் இறங்கும்போது அங்கே பத்தரை, இங்கே விடியற்காலை ஒரு மணி. அந்தச் செய்தியை வாங்க இளையவர் ஒருவர் விழித்திருந்தால் போதும். பாட்டியை எழுப்ப வேண்டாம். காலை பத்து மணிக்கு, பாட்டி குளித்துச் சாமி கும்பிட்டு வந்து உட்காரும் நேரத்தில், அங்கே ஏழரை. அத்தை காப்பி டம்ளரோடு இருப்பார். அப்போது படம் தெரியும்படி போனைப் போட்டு, பாட்டியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.